கேட் வரைக்கும்

எங்கள் தெருவில் அந்த வண்டியைக் கார் என்று சொல்லும் ஒரே ஆள் எழிலரசி அக்காதான். மற்றவர்களுக்கு அது டப்பா. இஸ்திரி போடும் சம்பந்தம் அதை மாத்திரை என்பார். இரண்டு கதவு, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு குழந்தைகள் அல்லது ஒரு மூட்டை அரிசி. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, பெட்ரோல் டேங்க் கிடையாது. இன்றைக்குக் கீரை விற்பவர்கூடப் பேட்டரி ஸ்கூட்டரில் வருகிறார். இருபது வருஷத்துக்கு முன்னால் பட்டாபிராமில் வீட்டுக் கரண்டில் சார்ஜ் போட்டு ஓடும் காரை வாங்கியவர் ஒருவர்தான். அவரும் இடது காலில் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிற பெண்.

நான் கரூர்க்காரன். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. அக்காவின் தம்பி தமிழரசு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். வந்த புதிதில் போர்டிகோவில் நீலத் தார்ப்பாய் மூடிக் கிடந்ததைப் பழைய தண்ணீர்த் தொட்டி என்று நினைத்திருந்தேன். ஒரு பூனை அதற்குள் குட்டி போட்டு, குட்டிகள் வெளியே வந்தபோதுதான் தார்ப்பாய்க்குக் கீழே ஸ்டீயரிங் இருப்பது தெரிந்தது.

அவர்கள் வேப்பம்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். அப்பா கட்சிக்காரர், பிள்ளைகளுக்குப் பெயர் வைத்ததிலேயே தெரியும். நிலம் மனையானபோது அக்காவின் பங்கு அக்கா கைக்கு வந்தது. அதை மாப்பிள்ளைக்கு வைக்கச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள். அக்கா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, போய் இந்த வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மாப்ள வந்தா என்னிய அவன் தூக்கணும் தம்பி. இல்லாங்காட்டி அவன நான் தூக்கணும். இது அப்டி இல்ல. நானே ஏறி நானே குந்திக்குவேன். ஒரு கால் போதும், ரெண்டே பெடலு" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

ஆவடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். தினமும் அந்த வண்டியில்தான் போய் வந்தார். மழைக்காலத்தில் சி.டி.எச். ரோட்டில் பஸ்ஸே தடுமாறும்போது அந்த டப்பா சத்தமில்லாமல் ஓரமாக நகர்ந்து வந்துவிடும் என்று சம்பந்தம் சொல்வார். சாயங்காலம் திரும்பும்போது, கூட்ஸ் ரயில் போகும் சைடிங் கேட் பக்கத்தில் நிறுத்துவாராம். டீக்கடை மாஸ்டர் கிளாஸை ஜன்னலுக்கே கொண்டுவந்து கொடுப்பார். அக்கா உட்கார்ந்தபடியே குடித்துவிட்டு வீட்டுக்கு வருவார். பிறகு பேட்டரிகள் செத்தன. வண்டி விற்றவன் கடையை மூடிவிட்டான். கம்பெனியும் கைமாறிப்போனது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கினார்கள். ஒரு பள்ளத்தில் கவிழ்ந்து இடுப்பு எலும்பு விட்டது. அதோடு வேலை போனது, வெளியே போவதும் நின்றது.

இப்போது வீட்டிலேயே ரவிக்கைக்கு ஊக்கு தைக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால் ஆட்டோ வரும். தமிழரசு ஒரு பக்கம், ஆட்டோக்காரர் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வைப்பார்கள். அந்த நேரத்தில் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். யாரிடமும் எதுவும் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஊசி கீழே விழுந்தால் கைத்தடி நுனியில் காந்தத்தைக் கட்டி அவரே எடுத்துக்கொள்வார். அந்தக் காந்தத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், ஒரு மாதிரி எரிச்சலும் வரும். பக்கத்து அறையில் நாத்தனாருக்கென்றே ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறாளே, ஒரு குரல் கொடுத்தால் என்ன?

அந்த ஒருத்தி புஷ்பா, தமிழரசுவின் மனைவி. இந்த ஆடி மாதம் ஒரு நாள் துணி காயப்போட மாடிக்கு வந்தவர் என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணிக்கு அந்த நல்ல கால்லயும் பெலன் போய்க்கினே கீதாம். சின்ன வயசுல போலியோ வந்தவங்களுக்கு அம்பதுக்கு மேல இப்டி ஆவுமாம். டாக்டரு பெடலு மாரி ஒன்னு வெச்சி அமுத்தச் சொன்னாரு. பாதிதான் எறங்குது. தீவாளி தாண்டி, பொங்க வரைக்கும் வேணா இப்டியே ஓட்லாம், அப்பால சொல்ல முடியாதுன்னுட்டாரு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவங்க முன்னாடிதான் சொன்னாரு. ஊட்டுக்கு வந்து ஒரே ஒரு வார்த்த கேட்டாங்க. 'டேய் அரசு, அந்தக் கார மறுபடி ஓட வெக்க முடியுமாடா?' அவ்ளோதான். கேட்டுட்டு ஊக்கு தெக்க குந்திட்டாங்க. எங்கூட்டுக்காரரு தட்டுல கீற சோத்த வெச்சினு ரொம்ப நேரம் பாத்துகினே இருந்தாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தார்ப்பாய் விலகியது.

தமிழரசு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியன். சரக்கு தூக்கும் பேட்டரி வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. அதனால் இது தனக்குத் தண்ணி பட்ட பாடு என்று முதலில் நினைத்துவிட்டார். மூடியைத் திறந்ததும் முகம் சுருங்கியது. உள்ளே எலி குடும்பம் நடத்தியிருந்தது. வயரில் பாதி அதன் வயிற்றில். பின்சீட்டு பஞ்சு முழுக்க எலிப் புழுக்கை. ஒரு சக்கரம் பிரேக் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, சுத்தியால் அடித்தால் வண்டிதான் ஆடியது, சக்கரம் ஆடவில்லை.

"இன்னா ராகவன், மியூசியத்துக்குக் குடுத்துட்லாமா?" என்று கேட்டார்.

"அக்காகிட்டக் கேளுங்க."

"நீயே கேளேன்."

நாங்கள் இருவருமே கேட்கவில்லை. அக்கா கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய தையல் மிஷினின் மிதிபலகையில் வலது காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். மிஷினில் நூலும் இல்லை, துணியும் இல்லை. பெடல் அழுத்தக் காலைப் பழக்குகிறார். காலை டிபனுக்கு முன்னால் ஒரு தடவை, மாலை விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. அந்தக் கிரீச் சத்தம் மாடிக்குக் கேட்கும். சில நாள் பாதியிலேயே நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்கும். நின்ற நேரத்தில் நானும் வேலையை நிறுத்திவிட்டு, திரும்பச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

தமிழரசு ஷிப்ட் முடிந்து வந்து கைலியைக் கட்டிக்கொண்டு வண்டிக்குக் கீழே படுத்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். துரு தேய்த்தார். ஒட்டின சக்கரத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஊறவைத்து, ஒரு நாள் அது கடகடவென்று சுற்றியபோது தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு விசில் அடித்தார். மோட்டாரைக் கழற்றிக் கம்பெனியில் நண்பரிடம் கொடுத்துத் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றினார். பழைய பேட்டரிகளை எடைக்குப் போட்டுவிட்டு, பேட்டரி ரிக்‌ஷாவுக்குப் போடும் நாலு பேட்டரியைச் சீட்டுக்கு அடியில் வரிசையாக உட்கார வைத்தார். புஷ்பா வயர் சுற்ற டேப் கிழித்துக் கொடுப்பார், டார்ச் பிடிப்பார், நடுநடுவே திட்டுவார்.

"புரட்டாசில கவுச்சி இல்லன்னா உனுக்குச் சோறே எறங்காது. இப்ப பாரு, இன்னா போட்டாலும் துன்ற. சாம்பார்ல உப்பு இல்ல, அதுகூடத் தெரில."

"உப்பு இல்லியா?"

"இல்ல."

"நல்லாதான் இருந்துச்சி."

எல்லாம் ஒரு வழியாகக் கூடி வந்தது, கன்ட்ரோலர் பெட்டியைத் தவிர. பின்சீட்டுக்கு அடியில் பிரெட் டப்பா அளவில் ஒரு அலுமினியப் பெட்டி. பெடலை எவ்வளவு அழுத்தினால் மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் போகவேண்டும் என்று அதுதான் பார்த்து விடுகிறது. அது செத்திருந்தது. நான் இரண்டு வாரம் ஆன்லைனில் துழாவினேன். அப்படி ஒரு சாமான் இருந்ததாகவே உலகம் மறந்துவிட்டது. புதுசாக வேறு மாடல் போடலாமா என்றால், அதற்கு மோட்டாரை மாற்றவேண்டும், மோட்டாரை மாற்றினால் அச்சை மாற்றவேண்டும். பொங்கல் அதற்கெல்லாம் காத்திருக்காது.

கடைசியில் ஆவடி மார்க்கெட்டில் இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயிலிடம் பெட்டி போனது. பாய் அதை ஒரு மாதம் வைத்துக்கொண்டார். இரண்டு தடவை எரித்தார், அதை அவரே சொன்னார். புதுப்பேட்டையில் தமிழரசு தேடிப்பிடித்த இன்னொரு செத்த பெட்டியிலிருந்து பாதியும், இதிலிருந்து பாதியுமாகச் சேர்த்து, ஆயுத பூஜைக்கு முதல் நாள் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்தவர் பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தமிழு, ஒன்னு சொல்லிட்றேன். ரெண்டு பொணத்துல இருந்து ஒரு உசுரு எடுத்துகீறேன். இதுவும் பூடுச்சின்னா என்னால ஆவாது. மூடிக்கு ரப்பர் பீடிங் எத்தினி வருசமோ, உதிந்துபோச்சி. புதுசு வாங்கிப் போட்டு நல்லா மூடு."

"நாளிக்கே வாங்கிட்றேன் பாய்."

"நாளிக்குக் கட எங்க தொறப்பான், ஆயுத பூஜை. அதுக்கு மறுநாளு பாரு. அதுவரைக்கும் ஈரம் மட்டும் படாம பாத்துக்க."

அன்று சாயங்காலம் லேசான தூறல். புஷ்பா போண்டா போட்டுக்கொண்டிருந்தார். தமிழரசு பெட்டியை அதன் இடத்தில் திருகி, மேலே ஒரு பழைய பனியனை மடித்துப் போட்டு, சீட்டை வைத்து மூடினார். பிறகு முன்சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் பச்சையாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. காலை வைத்தார். கொசு பாடுகிற மாதிரி ஒரு சத்தம். வண்டி போர்டிகோவில் ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

கரண்டியோடு வெளியே வந்த புஷ்பா அப்படியே நின்றார், அடுப்பில் போண்டா கருகியது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பச்ச லைட்டு எரியுதாடா?" என்று கேட்டார்.

"எரியுதுக்கா."

"அந்தச் சத்தம் கேட்டுச்சி" என்றார். பிறகு முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நன்றாகத் துடைத்துவிட்டு, "நாளிக்குப் பூஜை போட்டுட்டு நானே எடுக்கறேன். கேட் வரைக்கும் போவேன். ஒரு டீ குடிச்சிட்டு வருவேன். யாரும் தூக்காம" என்றார்.

கருகின போண்டாவைத்தான் எல்லோரும் தின்றோம். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

மறுநாள் தமிழரசு காலையிலேயே கம்பெனிக்குப் போய்விட்டார். அன்றைக்கு வேலை இல்லை, ஆனால் பூஜை உண்டு. மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு மதியம் வந்துவிடலாம். இந்த ஊரில் ஆயுத பூஜை என்றால் கழுவாத பொருள் ஒன்றும் இருக்கக்கூடாது. அரிவாள்மணையிலிருந்து லாரிவரை கழுவியாக வேண்டும். காலை எட்டு மணிக்குத் தெரு முழுக்க ஓஸ் பைப்பும் வாளியுமாகச் சாக்கடை நுரைத்து ஓடியது. புஷ்பா வாழைக்கன்றும் மாவிலையும் வாங்க மார்க்கெட் போயிருந்தார். எனக்கு லீவு. நான் மாடியில் என் பைக்கின் செயினைத் துடைத்துக்கொள்ளலாமா, அப்படியே பொட்டு வைத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

கீழே வந்தபோது வண்டி ஜொலித்தது. அது வெள்ளை நிறம் என்றே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கதவு இரண்டும் திறந்திருக்க, அக்கா பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். புடவை முட்டிவரை நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நீங்களேவா கழுவினீங்க?"

"பின்ன. இந்தக் காருக்கு அவன் படுத்துகினு செஞ்சான், புஷ்பா நின்னுகினு செஞ்சா. நான் இன்னா செஞ்சேன், ஜன்னல்ல குந்தினு பாத்தேன். கழுவற வேலையாவது நம்ம வேலையா இருக்கட்டும்னு நவுந்து நவுந்து வந்து கழுவிட்டேன். உள்ளயும் கழுவினேன் தம்பி. எலி மூத்தர நாத்தம் கொடலப் பொரட்டுது. அந்த நாத்தத்தோட சாமி கும்புட முடியுமா? சீட்டத் தூக்கி வெளிய போட்டுட்டு, பினாயில் ஊத்தி, ரெண்டு வாளி தண்ணி வுட்டுத் தள்ளிட்டேன். இப்ப மோந்து பாரு, வாசன."

மோந்து பார்த்தேன். பினாயில் வாசனைதான். காம்பவுண்டுச் சுவர்மேல் பின்சீட்டு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அலசிப் பிழிந்து கொடியில் போட்ட ஒரு பழைய பனியன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பளபளன்னு இருக்குக்கா என்று சொல்லிவிட்டு என் பைக்கைக் கழுவ ஓஸை வாங்கிக்கொண்டேன்.

தமிழரசு வந்தபோது கையில் பொரிப் பொட்டலம், ஸ்வீட் பாக்ஸ், ஒரு பூசணிக்காய். கேட்டைத் திறக்கும்போதே சிரித்துக்கொண்டுதான் வந்தார். வண்டியைப் பார்த்தார். சுவர்மேல் சீட்டைப் பார்த்தார். கொடியில் பனியனைப் பார்த்தார். பூசணிக்காயை மெதுவாகத் தரையில் வைத்தார்.

அக்கா உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தார். வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்த புஷ்பாவிடம், "யாரு கழுவனது?" என்று கேட்டார்.

"அண்ணிதான். நான் வரதுக்குள்ள முடிச்சிட்டாங்க. ஏன்?"

அவர் பின்பக்கம் குனிந்து பெட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் தேங்கி நின்றது. சாவியைத் திருப்பினார். பச்சை விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை திருப்பினார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய், தண்ணீர் மோட்டார் மேடையில் உட்கார்ந்துவிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"பேட்டரி மெயின் லைன கழட்டி வெச்சிருக்கணும் ராகவன். எங்க கம்பெனில ஒரு வண்டிய கழுவறதுன்னா மொத வேல அதான். பத்து வாட்டி மத்தவனுக்குச் சொல்லுவேன். இங்க ஊடுதானேன்னு வுட்டுட்டேன்." உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "கழுவாதக்கான்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

போன் போட்டதும் இஸ்மாயில் பாய் வந்துவிட்டார். வண்டிப் பக்கம் ஏதோ கும்பிட வந்தவர் மாதிரி நின்று, பெட்டியைக் கழற்றிக் கைலிக்குள் மறைத்துப் பின்பக்கம் கொண்டுவந்தார். தண்ணீரைக் கவிழ்த்தார். கருகிய வாடையும் பினாயில் வாடையும் சேர்ந்து அடித்தது. கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டுப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"காய வெச்சிப் பாக்கலாமா பாய்?" என்று தமிழரசு கேட்டார்.

"காய வெக்கறதுக்கு இன்னா கீது. தண்ணி மட்டும் பட்டிருந்தா ஒன்னு பாக்கலாம். கரண்ட் நின்னுகினு இருந்திருக்கு. பிளேட்டே எரிஞ்சி ஓட்ட வுழுந்துகீது பாரு."

"வேற பெட்டி?"

"நீ புதுப்பேட்டைல நாள்கணக்குல அலைஞ்சியே, உனுக்குத் தெரியாதா."

புஷ்பா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார். சத்தம் வரக்கூடாதே. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கழுவினவர்மேல் கோபப்பட முடியுமா? சொல்லாமல் போனவர்மேலா? இத்தனை சின்னப் பெட்டிக்கு மாற்று வைக்காமல் கடையை மூடிக்கொண்டு போனவன்மேல் வேண்டுமானால் கோபப்படலாம், அவன் எங்கே இருக்கிறானோ.

"அவங்களாண்ட எப்டிச் சொல்றது?" என்றார் புஷ்பா. "நீங்கதான் ஊத்தனீங்கன்னு எந்த வாயால சொல்றது?"

"சொல்லக்கூடாது" என்றார் தமிழரசு. "இன்னிக்குச் சொல்லக்கூடாது. வயரு லூசுன்னு சொல்லலாம்."

"நாளிக்கு?"

அப்போது முன்பக்கத்திலிருந்து அக்கா குரல் கேட்டது.

"டேய் அரசு, நல்ல நேரம் முடியப்போவுது. எலிச்சம்பயம் வெச்சிட்டியா?"

போனோம். அரக்கு நிறப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. கைத்தடியை ஊன்றி, கதவைப் பிடித்து, அவரே ஏறி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்தார். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். யாரும் கிட்டே போகவில்லை. தமிழரசு நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டினார். பூசணிக்காயைச் சுற்றி வாசலில் உடைத்தார். எல்லாம் செய்துவிட்டு, செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் நின்றார்.

"சாவி" என்றார் அக்கா.

கொடுத்தார்.

அக்கா திருப்பினார். பச்சை விளக்கு எரியவேண்டிய இடத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி, அவ்வளவுதான். பிறகு திரும்பித் தம்பியைப் பார்த்தார், புஷ்பாவின் சிவந்த கண்ணைப் பார்த்தார், கையில் அழுக்கோடு நிற்கும் பாயைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நேராகத் திரும்பி இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்தார்.

தமிழரசு என்னைக் கண்ணால் கூப்பிட்டார். எனக்குப் புரிந்தது. நான் பின்னால் போனேன், பாயும் வந்தார், புஷ்பா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டார். நாலு பேரும் கை வைத்தோம்.

இந்த வண்டியில் ஒரு வசதி, ஓடினாலும் சத்தம் கிடையாது. எலுமிச்சம்பழம் நாலும் பட் பட்டென்று நசுங்கியது. வண்டி வாசல் தாண்டித் தெருவில் இறங்கியது. அக்கா ஸ்டீயரிங்கை ஒடித்துச் சரியாக வளைத்தார். கழுவி நிறுத்திய பைக்குகளுக்கு நடுவே ஒரு கோடு போட்ட மாதிரி போனது. திண்டாடியது நாங்கள்தான். பேட்டரி கனம் கையில் இறங்கியது. பாய் செருப்பைக் கழற்றி இடுக்கிக்கொண்டு தள்ளினார். வாசலில் பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முன்னால் நின்றவர்களுக்கு நாங்கள் தெரிந்திருக்காது. "டப்பா ஓடுதுடா" என்று யாரோ சொன்னது கேட்டது. சம்பந்தம் இஸ்திரிப் பெட்டிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார், பின்னால் எங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. எனக்கும் பாய்க்கும் நடுவில் அவரும் கை வைத்தார்.

முனையில் திரும்பினால் சைடிங் கேட் தெரியும். மிலிட்டரி குடோனுக்கு எப்போதாவது ஒரு கூட்ஸ் போகும். போனால் நின்று நிதானமாகத்தான் போகும். கேட் மூடியிருந்தது. அக்கா பிரேக் போட்டு டீக்கடைக்கு நேராக நிறுத்தினார். டீ மாஸ்டர் பழைய ஆள், எட்டிப் பார்த்தவர் கையில் இருந்த டபராவை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"எயிலரசிம்மா. எத்தினி வருசமாச்சி. காரு மறுபடி வந்துடுச்சா?"

"வந்துடுச்சிண்ணா. ஒரு டீ குடு, சக்கர கம்மி." பிறகு வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஐந்து விரலையும் விரித்துப் பின்பக்கம் காட்டினார். "தள்ளிகினு வந்தவங்களுக்கும் சேத்து."

தமிழரசு ஜன்னலிடம் போனார். நான் பக்கத்தில் நின்றேன்.

"வயரு லூசுக்கா. நாளிக்குப் பாத்துட்றேன்."

"ம்."

"நெசமாத்தான்."

"பெட்டிய கைலிக்குள்ள மறைச்சினு போனாரே பாயி, அதுல வயரு லூசா?" என்றார் அக்கா. கோபமில்லை, குற்றம் சாட்டவுமில்லை. டீயை ஊதிக் குடித்தார். "நான்தானடா ஊத்தனேன். ரெண்டு வாளி."

"நான் சொல்லாம போனேன்க்கா."

"ஆமா, நீ சொல்லல. எனுக்கும் கேக்கற பயக்கமில்ல. கேட்டிருந்தா ஒரு வார்த்தைல முடிஞ்சிருக்கும்."

தமிழரசு ஜன்னல் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டார். நாற்பத்தெட்டு வயசு ஆம்பளை தெருவில் தோள் குலுங்கி அழுவதை நான் பார்க்கக்கூடாது என்று கீழே குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன். அக்காவின் வலது கால் ஆக்சிலேட்டர் பெடலின்மேல் இருந்தது. பாதி இல்லை. தரை தொடுகிறவரை அழுத்தியிருந்தது. முட்டியிலிருந்து கணுக்கால்வரை வெடவெடவென்று நடுங்கியது, பட்டுப் புடவையின் கரை சேர்ந்து நடுங்கியது. வீட்டிலிருந்து இதுவரை பிரேக் போட்ட நேரம் தவிர அப்படியேதான் வைத்திருக்கிறார்.

"காலை எடுத்துக்கங்கக்கா" என்றேன். "வலிக்கும்."

"இருக்கட்டும் தம்பி" என்றார். "இன்னிக்கு முயுசா எறங்குது."

கூட்ஸ் கடைசிப் பெட்டியும் போனது. கேட் தூக்கினார்கள். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ, ஒரு தண்ணீர் லாரி, கழுவிப் பொட்டு வைத்த பைக்குகள். எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. டப்பா வழியை அடைத்துக்கொண்டு நின்றது. தமிழரசு முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் ஓடிவந்தார். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி என்னவோ கத்தினார். அக்கா காலி கிளாஸை மாஸ்டரிடம் கொடுத்தார், கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். மூன்று வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன், அவர் ஒருவரிடம் வாய்விட்டு உதவி கேட்டு நான் கேட்டது அப்போதுதான்.

"தள்ளுங்கப்பா" என்றார்.

தள்ளினோம்.